நடு ஓடையில் திருட்டு மரம்

என் தம்பி ரடிம் போன் செய்தபோது நான் ரொட்டியின் தலையில் உப்புக் கிண்ணத்தை உட்கார வைக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தேன். விருந்தாளி வந்தால் ரொட்டியும் உப்பும் நீட்ட வேண்டும். ரொட்டி சுட்டவர் நடுவில் குழி விட மறந்துவிட்டார். கிண்ணம் சரிந்துகொண்டே இருந்தது.

"அக்கா, மரத்தை எடுத்துட்டோம்" என்றான். மூச்சு வாங்கியது அவனுக்கு.

"எந்த மரத்தைடா?"

"என்ன கேள்வி இது? வீஸன்ஸெல்காரங்களோட மே மரம். முழுசா, வண்டியோட. கொட்டகைக் கதவு திறந்து கிடந்துச்சுக்கா, காவலுக்கு ஒரு பய இல்ல. மனசு கேக்கல."

"இன்னிக்கா? டேய், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா? இன்னும் ஒரு மணி நேரத்துல அந்தம்மா வந்து நிக்கப்போறாங்கடா."

"அதான் அவசரமா இழுத்துட்டு இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ரொட்டித் தட்டை ஊர்த்தலைவர் ஓல்டாவின் கையில் திணித்தேன். "பிடிங்க தலைவரே, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடையைப் பார்த்து இறங்கி ஓடினேன். இன்றைக்கு மட்டும் நேரம் மாற்றி வாங்கி இரண்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவள் என்பதால் முதியோர் இல்லத்து வெள்ளைச் சீருடையில்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் லூச்கா, செக் நாட்டின் விளிம்பில் இருக்கிறது. கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி, பவேரியா மாநிலத்தின் வீஸன்ஸெல். அங்கே இருக்கும் முதியோர் இல்லத்தில் நான் செவிலி. என் சமையலறைச் சன்னலில் நின்றால் அந்த இல்லத்தின் சிவப்புக் கூரையும், காயப்போட்ட படுக்கை விரிப்புகளும் தெரியும். காற்று வாட்டமாக அடித்தால் அவர்கள் என்ன சூப் வைக்கிறார்கள் என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். அந்த வேலைக்குத்தான் தினமும் முப்பத்தாறு கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறேன், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. ஆகஸ்டில் மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிடலாம். மற்ற மாதங்களில் இடுப்பளவு பனித்தண்ணீர் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். எல்லையில் காவல் எடுத்து எத்தனையோ காலம் ஆகிறது. ஆனால் அந்தக் காலத்தில் எல்லையை அடைப்பதற்காக உடைத்த பாலத்தை யாரும் திரும்பக் கட்டவில்லை.

அதற்குத்தான் மனுப் போட்டிருந்தோம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற ஊர்கள் சேர்ந்து ஒரு காரியம் செய்தால் செலவில் பெரும்பங்கை ஐரோப்பிய ஒன்றியம் தருகிறது. சேர்ந்து என்பதுதான் அதில் முக்கியமான வார்த்தை. தனியாக ஒரு ஊர் கேட்டால் ஒரு பைசா பெயராது. போன தடவை ஓல்டாவும் வீஸன்ஸெல் தலைவர் க்விரினும் சேர்ந்து மனு எழுதினார்கள். உறவுக்கு ஆதாரமாகப் படங்கள் வைத்தார்கள். எல்லாப் படத்திலும் அதே இரண்டு பேர், அதே கைகுலுக்கல், சட்டை மட்டும் வேறு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இரு ஊர் மக்களுக்கும் இடையே உயிருள்ள உறவு எதுவும் தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தது. உண்மையும் அதுதானே. நான் போய் அவர்களுடைய பெரியவர்களுக்குச் சோறூட்டுகிறேன். என்னைத் தவிர எங்கள் ஊரில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் ஓல்டா ஒருவர்தான்.

இந்தத் தடவை திட்டத்தின் கடைசிச் சுற்று. இதை விட்டால் அடுத்த ஏழாண்டுத் திட்டம் வரும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதற்குள் என் மகள் அனேஷ்கா உயர்நிலைப் பள்ளிக்கே போய்விடுவாள். அவளுடைய அப்பா பிராகுக்கு வேலை தேடிப் போனவர், போனவர்தான். விடிவதற்கு முன் அவளைத் தூக்கத்தோடு தூக்கி ரடிம் வீட்டில் போட்டுவிட்டு ஓடுகிறேன். எனக்குச் சலித்துவிட்டது. இந்த முறையும் இல்லை என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு, பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஜெர்மனியிலேயே வாடகைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரடிம் அழுதுவிடுவான். ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவன்தான், ஆனாலும் அழுதுவிடுவான்.

இன்றைக்கு நிதி அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டாளர் நேரில் பார்க்க வருகிறார். ஓல்டாவும் க்விரினும் இதற்காக ஒரு பெரிய கூத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஓடைக்கு இந்தக் கரையில் எங்கள் ஆட்கள் ரொட்டி உப்போடு நிற்பார்களாம். அந்தக் கரையில் அவர்கள் தோல் கால்சட்டையும் இறகு வைத்த தொப்பியுமாக நின்று பாடுவார்களாம். குழந்தைகள் கொடி ஆட்டுமாம். பாட்டு ஒத்திகைக்கென்று வீஸன்ஸெல் முழுவதும் தேவாலயத்து மண்டபத்தில் கூடியிருந்தது. மே மரத்துக்குக் காவல் இருந்த பையன்களையும் கட்டைக்குரல் போதவில்லை என்று க்விரின் இழுத்துக்கொண்டு போய்விட்டார். கதவு திறந்து கிடந்த கதை அதுதான். எங்களுக்காக அவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது, என் தம்பி அவர்கள் மரத்தைத் தூக்கிவிட்டான்.

மே மரம் விளையாட்டுச் சாமான் இல்லை. மே முதல் தேதி ஊர் நடுவில் நிறுத்துவதற்காக ஒரு நெட்டை ஊசியிலை மரத்தை வெட்டி, பட்டை உரித்து, வெள்ளையும் நீலமுமாகச் சுற்றிச் சுற்றிச் சாயம் அடித்து வைத்திருப்பார்கள். நிறுத்துகிறவரை அதைப் பக்கத்து ஊர்க்காரன் திருடலாம். அங்கே அது வழக்கம். ஊர் எல்லைக்குள் ஒருவன் மரத்தின் மேல் கை வைத்துவிட்டால் திருட வந்தவர்கள் போட்டுவிட்டுப் போக வேண்டும். எல்லை தாண்டிவிட்டால் போனதுதான். பிறகு பீரும் சாப்பாடும் கொடுத்துத்தான் மீட்க வேண்டும். எங்கள் பக்கம் வழக்கமே வேறு. நாங்கள் நிறுத்தி வைத்த மரத்தை அடுத்த ஊர்க்காரன் ரம்பத்தோடு வந்து அறுப்பான், நுனியை எடுத்துக்கொண்டு போவான். மீட்பாவது கீட்பாவது. அறுபட்ட ஊர் அடுத்த வருஷம்வரை கேலியைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நான் ஓடைக்கு வந்து சேர்ந்தபோது மரம் தண்ணீருக்கு மேல் குறுக்கே கிடந்தது. அதைச் சுமந்து வந்த வண்டியின் சக்கரம் நடு ஓடையில் பாறைகளுக்கு இடையே மாட்டிக்கொண்டது. நுனி எங்கள் கரையில், அடி அவர்கள் கரையில். எங்கள் தீயணைப்பு வண்டி மேட்டில் நின்று இரும்புக் கயிற்றால் நுனியை இழுத்துக்கொண்டு உறுமியது. எதிர்க்கரையில் ஒத்திகையிலிருந்து அப்படியே ஓடி வந்த பாடகர் குழு, தொப்பியில் இறகு ஆட ஆட, அடிமரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய இளைஞர் மன்றத் தலைவன் ஹீயாஸ் தோல் கால்சட்டையோடு இடுப்புத் தண்ணீரில் நின்று மரத்தில் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நொடி எனக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"யித்கா, நல்ல வேளை நீ வந்த" என்று ஹீயாஸ் கத்தினான். அவனுக்குச் செக் தெரியாது, எங்கள் ஆட்களுக்கு ஜெர்மன் தெரியாது. அந்த இடத்தில் இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்தி. "உன் தம்பிகிட்ட சொல்லு. கை வெச்சாச்சு. மரத்தை விட்டுட்டு வீட்டுக்குப் போகச் சொல்லு."

சொன்னேன்.

"பாதி மரம் நம்ம நாட்டுக்கு வந்தாச்சுன்னு சொல்லுக்கா" என்றான் ரடிம். "எல்லை ஓடைக்கு நடுவுல. நுனி தாண்டியாச்சு. கையை எடுக்கச் சொல்லு, இல்லாட்டி பாட்டுப் பாடிக்கிட்டே இழுத்துட்டு வரச் சொல்லு."

அதையும் சொன்னேன். பாட்டுப் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

ஹீயாஸுக்கு முகம் சிவந்தது. "வழக்கம் பக்கத்து ஊருக்குத்தான். இவங்க எங்களுக்குப் பக்கத்து ஊரா? வண்டியில வந்தா நடுவுல மூணு ஊரு இருக்கு. கல்யாணத்துக்கு வந்ததில்ல, சாவுக்கு வந்ததில்ல. இவங்க முகமே எனக்குத் தெரியாது. தெரியாதவன் எடுத்தா அதுக்குப் பேரு வழக்கம் இல்ல, திருட்டு. நான் போலீஸைக் கூப்பிடறேன்." ஒரு கையை மரத்தில் வைத்தபடியே இன்னொரு கையால் போனை எடுத்தான்.

போலீஸ் என்ற வார்த்தைக்கு மட்டும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் ரடிமைப் பார்த்தார்கள். ரடிம் தீயணைப்பு வண்டியைப் பார்த்தான். நான் பயந்த மாதிரியே போய் இயந்திர ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

"வேணாம்னா வேணாம்" என்றான். "முழு மரமும் அவங்களே வெச்சுக்கட்டும். நம்ம வழக்கப்படி நுனியை மட்டும் அறுத்துக்கிட்டுப் போறோம். இந்தப் பக்கம் கிடக்கிறது நம்மளுது. நியாயம்தானே?"

ஒரே இழுப்பில் ரம்பத்தைக் கிளப்பிவிட்டான். எதிர்க்கரையில் சத்தம் மொத்தமாக நின்றது. வீஸன்ஸெல்லில் மே மரத்தின் மேல் இரும்பு வைப்பது என்ன என்று அவனுக்குத் தெரியாது. அறுபட்ட மரத்தை அவர்கள் நிறுத்தவே மாட்டார்கள். அதை மன்னிக்கவும் மாட்டார்கள். பீர் கொடுத்துச் சமாதானம் பேச அதற்குப் பிறகு எதுவும் மிச்சம் இருக்காது. என் தம்பி, அவன் ஊர் வழக்கப்படி, நல்ல எண்ணத்தோடு, என் பாலத்தை அறுக்கப் போகிறான் என்பது மட்டும் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

நான் யோசிக்கவில்லை. மரத்தின் மேல் ஏறினேன். கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து போய், தண்ணீருக்கு மேலே, அவன் ரம்பம் வைக்க இருந்த இடத்தைத் தாண்டிச் சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டேன். சாயம் முழுசாகக் காயவில்லை. என் வெள்ளைச் சீருடை நாசமாகப் போனது. போகட்டும்.

"இப்ப அறுடா" என்றேன்.

"அக்கா, எழுந்திரு. விழுந்துடுவ."

"அறு. மரம் விழும், நானும் விழறேன். எப்படியும் நான் போகப் போறவதானே."

"எங்க போற?"

சொல்லிவிட்டேன். ஊரே கேட்கச் சொல்லிவிட்டேன். "இந்தப் பாலம் வரலேன்னா நான் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பறேன்டா. அனேஷ்காவையும் கூட்டிட்டு. என்னால முடியல. இருட்டுல எழுந்து இருட்டுல வந்து, பெத்த பிள்ளைய ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிச்சத்துல பாக்கறேன். இந்த வேலையைச் சன்னல் வழியா பாத்துக்கிட்டே முப்பத்தாறு கிலோமீட்டர் ஓட்டறேன். அந்தம்மா வந்து நாம சொந்தக்காரங்களா விரோதிகளான்னு பாக்கப் போறாங்க. நீ ரம்பத்தோட நிக்கற."

ரடிம் ரம்பத்தை அணைத்தான். அவனுடைய கீழுதடு ஆடியது. சொன்னேன் இல்லையா, அழுதுவிடுவான் என்று.

அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து ஓல்டாவின் அரைகுறை ஜெர்மன் கேட்டது. "இதோ மேடம், இங்கேதான்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். திரும்பிப் பார்த்தேன். ரொட்டித் தட்டைத் தாங்கிக்கொண்டு ஓல்டா. அவருக்குப் பக்கத்தில் மழைக்கோட்டும் நல்ல தோல் காலணியுமாக நரைத்த தலை அம்மாள் ஒருவர். மதிப்பீட்டாளர் ப்ராண்ட்ல். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். மரத்தை, தண்ணீரில் நின்ற பாடகர்களை, இரும்புக் கயிற்றை, ரம்பத்தை, நடுவில் நீலச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை. "இது என்ன?" என்று கேட்டார். சுத்தமான செக்கில் கேட்டார். ஜெர்மன் மட்டும் தெரிந்தவர் என்று ஓல்டா எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

"இரு ஊர் கலாச்சார நிகழ்ச்சி மேடம்" என்றார் ஓல்டா. "மரத்தை ரெண்டு பக்கமும் சேர்ந்து பிடிச்சிருக்கோம் பாருங்க. ஒற்றுமைக்கு அடையாளமா."

"ரம்பம்?"

ஓல்டா ரொட்டியைப் பார்த்தார். உப்புக் கிண்ணம் மறுபடி சரிந்தது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "திருட்டு மேடம்" என்றேன். "அவங்க உங்களுக்காகப் பாட்டுப் பழகிட்டிருந்த நேரத்துல, எங்க ஆளுங்க அவங்க மே மரத்தைத் திருடிட்டாங்க. பாதி ஓடையில மாட்டிக்கிச்சு. ரெண்டு பக்கமும் விட மாட்டேங்கறாங்க. அவங்க போலீஸைக் கூப்பிடப் போறாங்க. பாட்டு, கொடி, ரொட்டி எல்லாம் உங்களுக்காகப் பண்ணினது. இது மட்டும்தான் நாங்களா பண்ணினது."

ஓல்டா கண்ணை மூடிக்கொண்டார். நான் என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

ப்ராண்ட்ல் அம்மாள் எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே க்விரின் அப்போதுதான் மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார். மனிதர் நல்ல பருமன். கையில் பாட்டுத்தாள். "தலைவரே" என்று அந்த அம்மாள் இப்போது ஜெர்மனில் கூப்பிட்டார். "உங்க ஊர் மரம் திருடு போயிருக்குன்னு சொல்றாங்க. புகார் ஏதாவது இருக்கா?"

நான் அதை மெதுவாக எங்கள் ஆட்களுக்குச் சொன்னேன். க்விரின் ஆம் என்று சொன்னால் கதை முடிந்தது. இல்லை என்று சொன்னால், பட்டப்பகலில், பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, முகம் தெரியாத ஊரிடம் மரத்தைப் பறிகொடுத்தவர் என்று சுற்றுவட்டாரமே அவரை ஓட்டும். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஹீயாஸ்" என்றார் க்விரின். "போன வருஷம் நம்ம மரத்தை யாருடா எடுத்தா?"

"யாரும் எடுக்கல."

"அதுக்கு முந்தி?"

"யாரும் எடுக்கல தலைவரே. நாமதான் நல்லா காவல் காத்தோம்."

"காவலா? நீங்க காவல் காத்த லட்சணம் தெரியாதா எனக்கு. ராத்திரி பூரா சீட்டாடுனீங்க. திருட ஆள் வந்தாத்தானே? நீ சொல்ற அந்த மூணு பக்கத்து ஊர்லயும் மரம் தூக்க நாலு பயலுங்க இல்ல. எல்லாம் மியூனிக்குக்குப் போயிட்டானுங்க. நாமளே வெட்டி, நாமளே காவல் காத்து, நாமளே நிறுத்தறோம். நம்ம மரத்தை எவனாவது எடுக்க மாட்டானான்னு நான் எத்தனை வருஷமா பாத்துட்டு இருக்கேன் தெரியுமா?" தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "மரத்தைத் திருட ஆள் இருக்கிற ஊருக்குப் பேருதான்டா பக்கத்து ஊரு. போனை உள்ள வை."

பிறகு எங்கள் கரையைப் பார்த்துக் கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு, "எத்தனை பீப்பாய்?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். பதற்றத்தில் அதே ஜெர்மனையே திருப்பிச் சொல்லிவிட்டேன். ப்ராண்ட்ல் அம்மாளே எங்கள் ஆட்களிடம் செக்கில் சொல்ல வேண்டியதாயிற்று. "எத்தனை பீப்பாய் பீர்னு கேக்கறார்."

இரண்டு கரையிலும் ஒரே கூச்சல். அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் சந்தைக்காரர்கள் போலப் பேரம் பேசத் தொடங்கினார்கள். ரடிம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்துப் பீப்பாயில் ஆரம்பித்தான். ஹீயாஸ் ஒன்று என்றான். மரமே பாதிதான் வந்திருக்கிறது, அதனால் பாதிப் பீப்பாய்தான் நியாயம் என்றான். "உங்க பீரைப் பத்துப் பீப்பாய் குடிச்சாலும் எங்க பீர் ஒரு குவளைக்கு ஈடாகாது, அதான் பத்து கேக்கறோம்" என்றான் எங்கள் ஆள் ஒருவன். அதை நான் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தேன். எதிர்க்கரையில் ஊளையிட்டுச் சிரித்தார்கள். ஒரு கிழவர் தண்ணீரை வாரி எங்கள் பக்கம் அடித்தார். கடைசியில் நான்கு பீப்பாயும் வறுத்த பன்றி இறைச்சியும் என்று படிந்தது.

"எங்க வெச்சுச் சாப்பிடறது?" என்று ரடிம் கேட்டான். "மீட்புச் சாப்பாடு ரெண்டு ஊரும் சேர்ந்து உக்காந்து சாப்பிடணுமாமே. எங்க ஊருக்கு வாங்க."

"வரோம்" என்றான் ஹீயாஸ். பிறகு கொஞ்சம் யோசித்தான். "வந்துட்டு, நாலு பீப்பாய் குடிச்சுட்டு, முப்பத்தாறு கிலோமீட்டர் யாரு வண்டி ஓட்டறது?"

"அப்ப நாங்க வரோம்."

"நீங்க மட்டும் குடிக்காமயா வருவீங்க?"

எல்லோரும் ஓடையைப் பார்த்தார்கள். நான் ப்ராண்ட்ல் அம்மாளைப் பார்த்தேன். அவரும் ஓடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மேலே இல்லத்துச் சன்னல் திறந்தது. எங்கள் மேற்பார்வையாளர் தலையை நீட்டினார். "யித்கா, அங்க என்ன பண்ணற? ரெண்டு மணி ஆகப் போகுது. மதியச் சாப்பாட்டுத் தட்டெல்லாம் அப்படியே கிடக்கு."

எங்கள் கரையில் என் வண்டி நின்றது. திரும்பிப் போய் அதை எடுத்தால் சுற்றிக்கொண்டு போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு முன்னால் பாதி மரம் கிடந்தது, அதன் முனையில் நான் வேலை பார்க்கும் இடம். நான் எழுந்து நின்றேன்.

"அக்கா, வேணாம்" என்றான் ரடிம். உடனே, "டேய், கயித்தை இறுக்குங்கடா. மரம் உருளக் கூடாது" என்று தன் ஆட்களிடம் கத்தினான். எதிரே ஹீயாஸும் ஏதோ அதட்டினான். அடிமரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பாடகர்கள் எல்லோரும் அதன் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு நேரம் ஆளுக்கொரு பக்கம் இழுத்தவர்கள் இப்போது அசையாமல் பிடித்துக்கொண்டார்கள். ஹீயாஸ் ஒரு கையால் மரத்தைப் பற்றியபடி தண்ணீரில் நடந்து வந்து இன்னொரு கையை மேலே நீட்டினான். அவன் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சாயம் வழுக்கியது. கீழே தண்ணீர் ஓடியதால் மரமே ஓடுகிற மாதிரி தலை சுற்றியது. கீழே பார்க்காமல் அந்தச் சன்னலையே பார்த்து நடந்தேன். கரையில் குதித்தபோது வீஸன்ஸெல்காரர்கள் கை தட்டினார்கள். ஜெர்மனிக்கு நான் அவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வந்ததே இல்லை.

வாசலைப் பார்த்து ஓட இருந்தேன். பின்னால் திடீரென்று பேச்சு நின்றதால் திரும்பினேன். ப்ராண்ட்ல் அம்மாள் கரையில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், வண்டியில கூட்டிட்டுப் போறேன் மேடம்" என்று ஓல்டா பதறினார்.

"அந்தக் கரையையும் பாக்கணும். வண்டியில போனா நேரம் ஆகும்" என்றார் அவர். காலணிகளை மழைக்கோட்டுப் பைக்குள் செருகிக்கொண்டு மரத்தில் கால் வைத்தார். ரடிம் மரத்தைப் பற்றிக்கொண்டு பனித்தண்ணீரில் இறங்கி ஒரு பக்கம் வந்தான், ஹீயாஸ் மறுபக்கம் வந்தான். ஒருவன் முகம் ஒருவனுக்குத் தெரியாமல் இருந்த இரண்டு பேரும் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று ஆளுக்கொரு மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

நடுவில், சக்கரம் மாட்டிய இடத்துக்கு மேலே, அவர் நின்றார். விழப்போகிறார் என்று நினைத்து நான் கரையில் உட்கார்ந்தேவிட்டேன். அவர் மேலேயும் கீழேயும் ஓடையைப் பார்த்துவிட்டு, "தலைவரே, மனுவுல பாலத்துக்கு எவ்வளவு அகலம் போட்டிருக்கீங்க?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஒன்றரை மீட்டர் மேடம்" என்றார் ஓல்டா. "செலவு குறையட்டும்னு."

"ரெண்டாக்குங்க. இந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் போறப்ப அந்தப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் வருவாங்க. யாரு ஒதுங்கி நிக்கறது? திருத்தி அனுப்பச் சொல்லி நானே எழுதறேன்."

தள்ளுபடி செய்யப் போகிற மனுவில் யாரும் அகலத்தைத் திருத்தச் சொல்ல மாட்டார்கள். ஓல்டாவுக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. ரொட்டித் தட்டோடு புல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். க்விரின் பாட்டுத்தாளைத் தூக்கி எறிந்துவிட்டு ஜெர்மனில் என்னவோ சொன்னார், அதை நான் இங்கே எழுத முடியாது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எதிரே எங்கள் ஆட்கள் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தார்கள். நான்தானே சொல்ல வேண்டும். சொன்னேன், கத்திச் சொன்னேன். தீயணைப்பு வண்டியின் சங்கை யாரோ அமுக்கினார்கள்.

ப்ராண்ட்ல் அம்மாளை இந்தக் கரையில் இறக்கி விட்டுவிட்டு ரடிம் மார்பளவு நனைந்து என் முன்னால் நின்றான். பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் நடந்த ஆரவாரம் எதுவும் அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அக்கா" என்றான். "அப்ப நீ போகலதானே?"

"போகலடா" என்றேன். "எங்கயும் போகல. வீட்டுக்குப் போய் முதல்ல துணிய மாத்து. அனேஷ்காவைப் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டு வர மறந்துடாத." சொல்லிவிட்டு, நீலமும் வெள்ளையுமான சீருடையோடு சாப்பாட்டுத் தட்டுகளைப் பொறுக்க உள்ளே ஓடினேன்.